தங்கத் தட்டும் நன்கொடைப் புத்தகமும்

வேண்டாத கிராக்கி வந்தால் விலையை ஏற்றிச் சொல்லி அனுப்புவது நமக்குப் பழக்கம்தான். கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் அம்மையாரும் அதையே செய்தார். 1933-இல் கணவர் கிட்டப்பா மறைந்ததும் வெள்ளைச் சேலை உடுத்தி ஒதுங்கியிருந்தவரை, 'நந்தனார்' படத்தில் நடிக்க அழைத்தார்கள். தட்டிக்கழிக்க ஒரு லட்சம் ரூபாய் கேட்டார். பட முதலாளி சரி என்றுவிட்டார்! படம் 1935-இல் வெளிவந்தது.

அந்தக் குரலைக் காங்கிரஸ் மேடைக்கு அழைத்துவந்தவர் சத்தியமூர்த்தி. வீட்டுக்கு வந்த காந்தியடிகளுக்குத் தங்கத் தட்டில் உணவு படைத்து, அவர் கேட்டதும் தட்டையும் கொடுத்துவிட்டார் என்பார்கள். பின்னர் சட்ட மேலவை உறுப்பினரானார். (1986-இல் அந்த மேலவையே போய்விட்டது.) காங்கிரஸ்காரரான அவர், 1964-இல் கலைஞர் எழுதிய 'பூம்புகார்' படத்தில் கவுந்தியடிகளாக நடித்தார். கட்சி வேறு, தொழில் வேறு என்ற பக்குவம் இருந்தது.

அண்ணா பிறந்த காஞ்சிக்குக் கலைஞர்கள் அரசியலுக்கு வருவது புதிதல்ல. வரட்டும், பாடட்டும், ஓட்டும் கேட்கட்டும். ஆனால் ஒரு நட்சத்திரத் தலைவர் வருகிறார் என்றதும் நன்கொடைப் புத்தகத்தோடு ஆட்கள் கடை ஏறுகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. அந்த அம்மையார் தம் தட்டைக் கொடுத்தார். இவர்கள் நம் கல்லாவைக் கேட்கிறார்கள்.

சென்ற முறை என் கடைக்கு வந்தவர்கள் ஐநூறு வாங்கிக்கொண்டு தொகை எழுதாத ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்கள். மாலையில் கடையை அடைக்கவும் சொன்னார்கள். மறுநாள் முகூர்த்தம், கல்யாண வீட்டு மளிகைச் சிட்டைகள் கையில் இருந்தன. அடைத்தேன், வேறு வழி?

சங்கத்தின் கடிதம் இல்லாமல் எந்தக் கட்சிக்கும் நன்கொடை இல்லை என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவர எண்ணியுள்ளேன். வழிமொழிய அன்பர்கள் தவறாமல் வாருங்கள்.