மேலட்டையில் எம்பூசா, உள்ளே டிராகுலா

'எம்பூசா' என்று ஒரு ஸ்பானியப் படம் பார்த்தேன். 2010-இல் வெளியானது. பெரிய கம்பெனிகளின் தயவு இல்லாமல், கையில் இருந்த காசுக்கு எடுத்த இரத்தக் காட்டேரிப் படம். பிரெஞ்சு படித்த காதுக்கு ஸ்பானியம் பாதி புரியும்; மீதியைக் கீழே ஓடுகிற எழுத்து பார்த்துக்கொண்டது.

எழுதி, இயக்கி, நடித்தவர் பால் நாஷி. இயற்பெயர் ஹாசிந்தோ மோலினா. இளமையில் பளுதூக்கும் வீரர். 1968 முதல் ஓநாய் மனிதனாக வேஷம் கட்டியே ஸ்பெயின் நாட்டுப் பேய்ப் படங்களுக்கு முகமாக ஆனவர். 2009 நவம்பரில் 75-ஆம் வயதில் இறந்துபோனார்; இந்தப் படம் அதற்குப் பிறகுதான் வெளிவந்தது. எழுபதைத் தாண்டிய ஒரு மனுஷன் கடன் வாங்கியோ கெஞ்சியோ கேமராவைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போகிறான் என்றால் என் வயதுக்காரனுக்கு அதில் மரியாதை வராமல் இருக்குமா? வருகிறது. ஆனால் மரியாதை வேறு, கணக்கு வேறு.

கதை இதுதான். கடலோரத்தில் வாழும் வயதான நடிகர் ஒருவர். மணலில் வெட்டுண்ட கை ஒன்றைக் கண்டெடுக்கிறார். அதில் விசித்திரமான பச்சை குத்தியிருக்கிறது. நூல் பிடித்துக்கொண்டு போனால் எம்பூசாக்கள் வருகிறார்கள். டிராகுலாவுக்கெல்லாம் பாட்டிகள், கிரேக்கப் புராணத்துப் பெண் காட்டேரிகள்.

இதைக் கேட்டவுடன் என்னோடு நடைப்பயிற்சிக்கு வரும் நண்பர் ஒருவர் சிரித்தார். "கிரேக்கத்துக்கும் காட்டேரிக்கும் என்ன சார் சம்பந்தம்? அது ருமேனியா சரக்கு. சாம்பாரில் ரசத்தை ஊற்றியிருக்கிறான்" என்றார். முதலில் அவரோடு வழக்கைத் தீர்த்துக்கொண்டு பிறகு நாஷியிடம் வருகிறேன்.

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வெளிவந்தது 1897-இல். அதற்குச் சரியாக நூறு வருஷம் முன்னால், 1797-இல், கோதே எழுதிய காட்டேரிக் கவிதையின் மணப்பெண் கொரிந்து நகரத்துக்காரி. 1819-இல் பொலிடோரி எழுதிய 'வாம்பயர்' கதையில் காட்டேரிப் பிரபுவோடு பயணம் போகும் இளைஞன், கிரேக்க நாட்டில் ஒரு பெண்ணின் வாயால்தான் காட்டேரிகளைப் பற்றிக் கேட்கிறான். அவளும் அங்கேயே பலியாகிறாள். இன்னும் பின்னால் போனால் ஃபிலோஸ்திராத்தோஸ் எழுதிய அப்போலோனியோஸ் சரித்திரம். கொரிந்து நகரில் மெனிப்போஸ் என்ற 25 வயது மாணவனை ஒரு பணக்காரி மயக்கிக் கல்யாணம் வரைக்கும் கொண்டுபோகிறாள். குருநாதர் கல்யாண விருந்துக்கே வந்து அவளை எம்பூசா என்று அடையாளம் காட்டுகிறார். தங்கப் பாத்திரம், வெள்ளிப் பாத்திரம், பரிமாறும் ஆட்கள் எல்லாம் காற்றாய்ப் போகின்றன. இளம் இரத்தம் சுத்தமானது, அதனால்தான் தின்பதற்காகக் கொழுக்க வைத்தேன் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். இது எழுதப்பட்டது கி.பி. மூன்றாம் நூற்றாண்டில். டிரான்சில்வேனியா கோட்டைக்கு அப்போது அஸ்திவாரம்கூடப் போட்டிருக்க மாட்டார்கள்.

வொல்தேர் சும்மா இருப்பாரா? காட்டேரிகளைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதியிருக்கிறார். இந்த எண்ணம் நமக்குக் கிரேக்கத்திலிருந்துதான் வந்தது என்று அவரும் ஒத்துக்கொள்கிறார். ஆனால் பிளாட்டோ, அரிஸ்டாட்டில் வாழ்ந்த கிரேக்கம் அல்ல, பிற்காலக் கிறிஸ்தவக் கிரேக்கம் என்று ஒரு கொட்டு வைக்கிறார். பாதிரிமாரைக் குத்தக் கிடைத்த சந்தர்ப்பத்தை அவர் விட்டதே இல்லை. அவருடைய எழுத்தை உருப்போட்டு வளர்ந்தவன் நான். இருந்தாலும் இந்த இடத்தில் பெரியவர் பாதிதான் சரி. ஏதென்ஸ் நாடகமேடையிலேயே எம்பூசா வந்துவிட்டாள். கி.மு. 405-இல் அரங்கேறிய அரிஸ்தோஃபனேஸின் 'தவளைகள்' நாடகத்தில் பாதாளத்துக்குப் போகும் வழியில், இதோ எம்பூசா என்று வேலைக்காரன் கத்துகிறான். மாடாக, கோவேறு கழுதையாக, அழகியாக, நாயாக மாறிக்கொண்டே இருக்கிறாள். ஒரு கால் வெண்கலம், இன்னொரு கால் சாணம். பயந்துபோன தேவன் தியோனீசோஸ், பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தன் பூசாரியிடமே அடைக்கலம் கேட்கிறான்! கெட்ட வார்த்தையால் வைதால் எம்பூசா ஓடிவிடுவாள் என்பதும் கிரேக்க நம்பிக்கை. (துடைப்பத்தையும் செருப்பையும் காட்டிப் பேய் ஓட்டும் நமக்கு இது புரியும்.)

ஆக, சம்பந்தம் இருக்கிறது. நண்பர் வழக்கு தள்ளுபடி.

இப்போது நாஷி. எத்தனையோ வருஷம் கோப்புகளோடு குப்பை கொட்டிய குமாஸ்தா நான். மேலட்டையில் ஒரு பொருள் எழுதியிருக்கும், உள்ளே வேறு எதையோ சொருகி வைத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கோப்பை எழுதியவனிடமே திருப்பி அனுப்புவதுதான் வழக்கம். இந்தப் படமும் அப்படிப்பட்ட கோப்பு. மேலட்டையில் எம்பூசா. உள்ளே பார்த்தால் அதே பழைய பல், அதே கழுத்து, அதே அரைகுறை உடை. வெண்கலக் கால் எங்கே? சாணக் கால் எங்கே? ஒரு நொடிக்கு ஒரு தரம் உருமாறுகிறவளை ஒரே அழகியாக நிற்க வைத்துவிட்டால் அவள் எம்பூசா இல்லை, விளம்பர மாடல்.

கால் போனால் போகட்டும். எனக்கு ஆத்திரம் அதனால் இல்லை. கிரேக்கர்களின் இரத்தம் குடிக்கிறவர்கள் சும்மா குடிப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு வழக்கு இருக்கிறது. பெயரை எடுத்துக்கொண்டு வழக்கைக் கீழே போட்டுவிட்டுப் போவதைத்தான் திருட்டு என்கிறேன்.

எம்பூசாவின் உடன்பிறப்பு மாதிரி சொல்லப்படுகிற லாமியாவை எடுத்துக்கொள்ளுங்கள். லிபியா தேசத்து ராணி. ஜீயஸ் அவளை விரும்பினான். அவன் மனைவி ஹீராவுக்குப் புருஷனைத் தட்டிக்கேட்கத் தைரியம் இல்லை, லாமியாவின் பிள்ளைகளைக் கொன்றாள். பெற்ற வயிறு எரிந்து, அடுத்தவர் பிள்ளைகளைத் தேடி அலைய ஆரம்பித்தாள் அவள். கண்ணைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் வைத்தால்தான் அவளுக்குத் தூக்கம் என்றும் சொல்வார்கள். குற்றம் செய்தவன் ஒலிம்பஸ் மலையில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறான். பிள்ளைகளைப் பறிகொடுத்தவள் பெயரைச் சொல்லி இரண்டாயிரம் வருஷமாகக் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டுகிறார்கள்.

அதற்கும் மேலே ஹோமர். 'ஒதிஸே' பதினோராம் காண்டத்தைப் பள்ளியில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் படித்தோம். ஒதிஸ்ஸேயுஸ் செத்தவர்களின் உலகத்து விளிம்பில் குழி வெட்டி ஆட்டு இரத்தத்தை ஊற்றுகிறான். நிழல்கள் மொய்க்கின்றன. வாளை உருவிக்கொண்டு காவல் நிற்கிறான். அந்தக் கூட்டத்தில் அவன் அம்மாவும் இருக்கிறாள். அவன் ஊரை விட்டுக் கிளம்பும்போது உயிரோடு இருந்தவள். அவள் செத்துப்போனதே அவனுக்கு இப்போதுதான் தெரிகிறது. எதிரே மகன் நிற்கிறான், அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவனும் கண்ணில் நீரோடு அவளைக் கிட்டே விடுவதில்லை, ஞானி தெய்ரேசியாஸ் முதலில் குடிக்க வேண்டும் என்பதால். பிறகு அவள் வருகிறாள், குடிக்கிறாள், உடனே மகனைத் தெரிந்துகொள்கிறாள். மூன்று தரம் கட்டிக்கொள்ளப் பார்க்கிறான். மூன்று தரமும் கை காற்றைத்தான் பிடிக்கிறது.

அங்கே இரத்தம் குடிப்பது ஞாபகத்துக்காக. பேச்சு வருவதற்காக. அம்மாவைப் பறிகொடுத்த எவனுக்கும் இந்த இடத்தை விளக்க வேண்டியதில்லை. இதை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு புராணத்திடமிருந்து, இளமைக்கும் இச்சைக்கும் கழுத்தைக் கடிப்பது என்ற ஒரு விஷயத்தை மட்டும் எப்படி எடுத்துப்போக மனசு வருகிறது?

பணம் இல்லை என்பார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். 1945-இல் ஆர்.கே.ஓ. ஸ்டுடியோவின் சிக்கனப் பிரிவில் வால் லூட்டன் தயாரித்த 'ஐல் ஆஃப் தி டெட்' ஒன்றேகால் மணி நேரம்கூட ஓடாது. 1912 பால்கன் யுத்தம், கிரேக்கத் தீவு, கொள்ளைநோய். போரிஸ் கார்லாஃப் தளபதி. சட்டத்தைத் தவிர எதையும் நம்பாதவர். ஒரு கிழவி, அந்த இளம்பெண் 'வொர்வொலாக்கா', இரத்தம் குடிப்பவள் என்று ஓதிக்கொண்டே இருக்கிறாள். சாவு கூடக் கூடத் தளபதியும் நம்ப ஆரம்பிக்கிறார். படத்தில் ஒரு காட்டேரியும் கிடையாது, ஒரு பல்லும் கிடையாது. ஒருத்தியைக் காட்டேரி ஆக்குகிறவர்கள்தான் இருக்கிறார்கள். அதைவிடப் பயமாக எதையும் நான் திரையில் பார்த்ததில்லை. சம்பளத்துக்கு வேலை செய்த ஸ்டுடியோக்காரனால் இது முடிந்தது என்றால், யாருக்கும் பதில் சொல்ல வேண்டாத சுதந்திரக்காரன் இன்னும் எத்தனை தூரம் போயிருக்க வேண்டும்!

சின்னக் கேமராவோடு கதை தேடும் பிள்ளைகளுக்கு ஒன்று எடுத்துக் கொடுக்கிறேன். பதினான்காம் லூயி மன்னர் செடிகொடி சேகரிக்கக் கீழைத் தேசங்களுக்கு அனுப்பிய தாவரவியலாளர் தூர்ன்ஃபோர், 1700-ஆம் வருஷக் கடைசியில் மிகோனோஸ் தீவில் கண்ணால் பார்த்து எழுதியது. சண்டைக்காரக் குடியானவன் ஒருவன் வயலில் கொலையாகிக் கிடக்கிறான். புதைத்த இரண்டாம் நாளே, அவன் ராத்திரி நடமாடுகிறான் என்று புரளி. பத்தாம் நாள் பூசை வைத்துப் பிணத்தைத் தோண்டுகிறார்கள். இதயத்தை எடுக்க ஊர்க் கசாப்புக்காரனை அழைத்தால், அவன் நெஞ்சை விட்டு வயிற்றைக் கிழிக்கிறான். நாற்றம் தாங்காமல் சாம்பிராணி; புகை மூட்டத்தில் பிணத்திலிருந்தே புகை வருகிறது என்று கூச்சல். இதயத்தைக் கடற்கரையில் எரித்தும் பயம் அடங்கவில்லை. சமாதியில் வாள்களைக் குத்துகிறார்கள். அந்தப் பக்கமாக வந்த ஓர் அல்பேனியன், சிலுவை மாதிரிப் பிடி உள்ள வாளைக் குத்தினால் சாத்தான் எப்படி வெளியே போவான், துருக்கி வாளைக் குத்துங்கள் என்று யோசனை சொல்கிறான். ஜனங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியே தூங்குகிறார்கள். கடைசியில் 1701 ஜனவரி 1-ஆம் தேதி பிணத்தைப் பக்கத்துத் திட்டுக்குக் கொண்டுபோய் முழுசாக எரித்தார்கள். வெளிநாட்டுக்காரர் வாயைத் திறந்தால் வம்பு என்று தூர்ன்ஃபோர் அமைதியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அவனைக் கொன்றது யார் என்று தெரியவில்லை என ஒரே வரி. மீதிப் பக்கம் எல்லாம் பிணத்தைப் பற்றியது.

ஒரு சின்னக் கோவில், ஒரு கசாப்புக்காரன், ஒரு கடற்கரை, முப்பது பேர் கூட்டம். பல் செட்டுக்குச் செலவு கிடையாது. கதை உரிமைக்கும் யாருக்கும் காசு தர வேண்டாம்; தூர்ன்ஃபோர் 1708-லேயே இறந்துவிட்டார்.