ஊருக்கேற்ற இருப்புப்பாதை

நகரப் போக்குவரத்துப் பற்றிய விவாதங்களில் இரு பிழையான நோக்குகள் மேலோங்கி நிற்கின்றன. மெட்ரோ ஓடினாலன்றி ஓர் ஊர் வளர்ந்த ஊராகாது என்பது ஒன்று. சிற்றூருக்குப் பஸ் போதும், புகையிரதம் எதற்கு என்பது மற்றொன்று. ஒன்றுக்கொன்று முரணானவை போலத் தோன்றினும் இவை ஒரே தவற்றின் இரு பக்கங்களேயாம். ஊரின் அமைப்பையும் மக்களின் அன்றாடப் பயணத்தையும் நோக்காது, ஊரின் அந்தஸ்தை மாத்திரமே இவை அளவுகோலாகக் கொள்கின்றன.

மணிக்கு ஒரு திசையிற் பல்லாயிரம் பேர் பயணஞ் செய்யும் பெருநகருக்கே நிலத்தின் கீழும் மேம்பாலத்திலும் செல்லும் மெட்ரோ தகும். 2015 இல் மெட்ரோ ஓடத் தொடங்கிய சென்னை அத்தகையது. அதனிற் குறைந்த நெருக்கடிக்கு இலகு புகையிரதம் போதுமானது. கொழும்புக் கோட்டைக்கும் மாலபேக்கும் இடையே அதனை அமைக்க 2019 இல் ஜப்பானிய கடனுதவி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 2020 இல், செலவு மிகுதியெனக் கூறி அரசு அதனைக் கைவிட்டது. 1899 இலிருந்து 1960 வரை டிராம் வண்டி ஓடிய நகரம், இன்றும் பஸ்களும் கார்களும் நெரியும் வீதியிலே தவிக்கின்றது. மறுபுறம், மும்பாயில் 2014 இல் ஓடத் தொடங்கிய மோனோரயில் எதிர்பார்த்த பயணிகளைப் பெறவில்லை. பொருத்தமானதைக் கைவிடுவதும் பொருந்தாததைக் கட்டுவதும் ஒரே குருட்டுத்தனத்தின் விளைவுகளே.

இவ்வளவுகோலை வன்னிக்குப் பிரயோகித்தால் பெறப்படுவது யாது? ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன் ஆகியன வட்டமாகப் பரந்த பெருநகரமல்ல. ஒரே கோட்டில் அமைந்த சிற்றூர்களும் பட்டினங்களுமாம். அக்கோட்டிலேயே இருப்புப்பாதையும் கிடக்கின்றது. போர் காரணமாக 1990 இல் வவுனியாவுக்கு வடக்கே நின்றுபோன சேவை, 2011 இல் ஓமந்தையையும் 2013 இல் கிளிநொச்சியையும் 2014 இல் யாழ்ப்பாணத்தையும் மீண்டும் எட்டியது. அனுராதபுரத்திலிருந்து ஓமந்தை வரையிலான பாதை 2023 இல் திருத்தப்பட்டது. இவற்றிற் பெரும்பாலானவை இந்தியக் கடனுதவியால் ஆனவை. அக்கடனின் சுமை ஓமந்தை விவசாயியின் தலையிலும் ஏறியுள்ளது. ஆயினும் வடபாதையின் நேரசூசி, கொழும்பையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் நெடுந்தூர வண்டிகளையே பெரிதும் மையமாகக் கொண்டுள்ளது. வவுனியா வைத்தியசாலைக்குப் போகும் நோயாளியும், அறிவியல் நகரில் உள்ள பொறியியல், விவசாய பீடங்களுக்குச் செல்லும் மாணவரும், நெல்லும் காய்கறியும் விற்கப் புறப்படும் குடியானவனும் அந்நேரசூசிக்கு அந்நியராகவே உள்ளனர்.

இங்கு வேண்டப்படுவது புதிய பாதையன்று. காலையும் மாலையும் ஒவ்வொரு நிலையத்திலும் நின்று செல்லும், டீசலில் இயங்கும் சிறு வண்டியே. இரு பஸ்களைப் பின்புறமாகப் பிணைத்துத் தண்டவாளத்தில் ஓடவிட்ட ரெயில் பஸ் இலங்கைக்குப் புதிதன்று. ஜெர்மனியின் கால்ஸ்றூவ நகரம் 1992 இலிருந்து, நகர டிராம் வண்டியையே பொதுப் புகையிரதப் பாதையில் ஏற்றிச் சுற்றுப்புற ஊர்களுக்கு அனுப்பி வருகின்றது. எரிபொருள் தட்டுப்பாடு கடுமையாயிருந்த 2022 இல், முறிகண்டிக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 'யாழ் ராணி' ஓடத் தொடங்கியது. நெருக்கடியிற் சாத்தியமானது சாதாரண காலத்தில் விரிவடையாதிருக்க நியாயமில்லை. இருப்புப்பாதையற்ற முல்லைத்தீவுப் பட்டினத்துக்கு, வண்டியின் நேரத்தோடு இணைந்த பஸ் மாங்குளத்திற் காத்திருப்பின் அப்பட்டினமும் பயன்பெறும்.

ஒற்றைப் பாதையிற் கூடுதல் வண்டி எவ்வாறு ஓடுமென்பர். எதிரெதிர் வண்டிகள் விலகிச் செல்லவே நிலையங்களில் இரட்டைத் தண்டவாளம் இடப்படுகின்றது. நட்டம் ஏற்படுமென்பர். ஏ-9 வீதியிடம் எவரேனும் இலாபக் கணக்குக் கேட்டதுண்டா? வீதி மக்களின் உரிமையெனின், தண்டவாளம் மாத்திரம் வியாபாரப் பண்டமாவது எங்ஙனம்?

பெருநகரைப் பார்த்துச் சிற்றூர் ஏங்கவும் வேண்டியதில்லை. சிற்றூரென்று பெருநகர் அதனை ஒதுக்கவும் வேண்டியதில்லை. ஓமந்தை நிலையத்தின் பெயர்ப்பலகையைக் கடந்து விரையும் வண்டி, ஓமந்தையாருக்கு வளர்ச்சியின் இரைச்சலை மாத்திரமே தருகின்றது. அவ்வண்டி நின்று அவர்களை ஏற்றிச் செல்லும் நாளிலேதான் அப்பாதை அவ்வூருக்கும் சொந்தமாகும்.