'ஹேண்ட்மேட்' என்று போட்டிருந்தால் போதுமா?

வீட்டுக்குப் புதிதாகக் கம்ப்யூட்டர் வந்ததும் இன்டர்நெட்டில் பலரும் ஆர்வமாகச் செய்து பார்ப்பது ஷாப்பிங். புத்தகம், பென் டிரைவ், மிக்ஸி என்று ஆரம்பித்து விரைவிலேயே துணிமணிக்கு வந்துவிடுகிறோம். புத்தகம் வாங்குவதில் பெரிய சிக்கல் இல்லை. எந்தத் தளத்தில் வாங்கினாலும் அதே புத்தகம்தான் வரும். பென் டிரைவும் அப்படியே. ஆனால் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய புடவை, துண்டுத்துணிகளை இணைத்துத் தைத்த பேட்ச்வொர்க் ஜாக்கெட் போன்றவை வேறு ரகம். ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது. அதுதான் அவற்றின் அழகு. இன்டர்நெட்டில் வாங்கும்போது அதுவே சிக்கலாகவும் ஆகிவிடுகிறது.

ஒரு சாஃப்ட்வேர் என்ஜினியராக இந்த விஷயத்தில் என் கருத்து இதுதான். திரையில் தெரியும் 'ஹேண்ட்மேட்' என்ற சொல்லுக்குக் காசு கொடுக்காதீர்கள். துணியின் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது?

ஷாப்பிங் தளத்தில் ஒரு பொருளை ஏற்றுவதற்கு விற்பவர் ஒரு படிவம் நிரப்புகிறார். பெயர், விலை, அளவு, நிறம், துணி வகை, படங்கள் என்று வரிசையாகக் கட்டங்கள் இருக்கும். 'ஹேண்ட்மேட்' என்பதும் பெரும்பாலும் அவர் டைப் செய்யும் ஒரு சொல்தான். தளத்தின் சர்வர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் தேடும் பெட்டியில் 'சுங்குடி' என்று கொடுத்தால், அந்தச் சொல் உள்ள பக்கங்களை எடுத்துக் காட்டும். 'சுங்குடி பிரின்ட்' என்பதிலும் சுங்குடி என்ற சொல் இருக்கிறதே! இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து நிற்கும். விலை குறைவானது முதலில் வரட்டும் என்று வரிசைப்படுத்தினால் பிரின்ட் துணிதான் மேலே வரும். கையால் செய்தது நாலைந்து பக்கம் தள்ளிப் போய்விடும்.

கைவேலைப் பொருட்களுக்கென்றே தொடங்கப்பட்ட தளங்களிலும் இந்தக் குழப்பம் உண்டு. அமெரிக்காவின் எட்ஸி 2005-ல் அப்படித் தொடங்கியது. 2013-ல் விற்பவர்கள் வெளி உற்பத்தியாளர்களைப் பயன்படுத்திக்கொள்ள அனுமதித்தது. 2024-ல் ஒவ்வொரு பொருளும் விற்பவரே செய்ததா, அவர் வடிவமைத்தது மட்டும்தானா, வேறிடத்திலிருந்து வாங்கியதா என்று பிரித்துக் காட்டும் முறையைக் கொண்டுவந்தது. 'ஹேண்ட்மேட்' என்ற ஒற்றைச் சொல் போதவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி தேவையா?

முடிச்சு எது, பிரின்ட் எது?

நம் ஊர்ச் சுங்குடியையே எடுத்துக்கொள்வோம். மதுரையில் சௌராஷ்டிர சமூகத்தினர் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் பருத்தித் துணி இது. துணியைச் சிறு சிறு புள்ளிகளாகக் கிள்ளி எடுத்து, ஒவ்வொன்றையும் நூலால் சுற்றிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. முடிச்சைப் பிரித்தால் புள்ளி கிடைக்கும். குஜராத், ராஜஸ்தானின் பாந்தனியும் இதே வழிதான். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இன்று சுங்குடி என்ற பெயரில் கடைகளில் இருப்பவற்றில் பெரும்பகுதி மெழுகு அச்சு வைத்தவை அல்லது ஸ்கிரீன் பிரின்ட் செய்தவை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு புடவையில் 5,000 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 5 முடிச்சு என்றால் கட்டுவதற்கு மட்டும் 1,000 நிமிடம் ஆகும். அதாவது 16 மணி நேரத்துக்கு மேல். முழுதாக இரண்டு நாள் வேலை. சாயம், துணி, தபால் செலவு எல்லாம் தனி. இதை 499 ரூபாய்க்குத் தர முடியுமா? விலையைப் பார்த்தாலே பாதி விஷயம் புரிந்துவிடும்.

பிரின்ட் வாங்குவது தவறில்லை. தினமும் கட்ட, மெஷினில் துவைக்க அது வசதிதான். மெழுகு அச்சு வைப்பதும் கைத்தொழில்தான். என் புகார் வேறு. பிரின்டை பிரின்ட் என்று சொல்லி விற்கட்டும். முடிச்சுப் போட்டவரின் விலையை அச்சுப் போட்ட துணிக்கு வாங்குவது நியாயமில்லை. இதில் நஷ்டம் நமக்கு மட்டுமல்ல. படத்தில் பார்த்தால் பிரின்ட்தான் இன்னும் அழகாகத் தெரியும். எல்லாப் புள்ளியும் ஒரே அளவு, எல்லா வரிசையும் நேர்கோடு. உண்மையான முடிச்சுத் துணி அதற்குப் பக்கத்தில் கோணல்மாணலாகத் தெரியும். சின்னத் திரையில் நடக்கும் இந்தப் போட்டியில், இரண்டு நாள் உட்கார்ந்து கட்டியவர்தான் தோற்கிறார்.

உங்கள் கம்ப்யூட்டரே உதவும்

மொபைலைவிடக் கம்ப்யூட்டர் திரை பெரியது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் படத்தைப் பெரிதாக்குங்கள். கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு பிளஸ் கீயைத் தட்டினால் பக்கம் பெரிதாகும். இப்போது புள்ளிகளைப் பாருங்கள். கையால் கட்டிய புள்ளிகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறியிருக்கும். சில வட்டமாக, சில சதுரம் போல இருக்கும். பல புள்ளிகளின் நடுவில், கட்டின் நுனியில் சாயம் பட்ட சிறு பொட்டும் தெரியும். அச்சில் அப்படி இராது. ஒரு பூவையோ கட்டத்தையோ குறித்துக்கொண்டு துணியின் இன்னொரு இடத்தில் அதே வடிவத்தைத் தேடுங்கள். ஒரு புள்ளியில் உள்ள குறை அடுத்த கட்டத்திலும் அதே இடத்தில் இருந்தால் அது அச்சு. கம்ப்யூட்டர் பாஷையில் சொன்னால் காப்பி-பேஸ்ட்!

இரண்டாவது, பின்பக்கப் படம். விற்பவருக்குச் செய்தி அனுப்பிக் கேளுங்கள். துணி சாயத்தில் முங்கியிருந்தால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே நிறமாக இருக்கும். ஸ்கிரீன் பிரின்டில் பின்பக்கம் பெரும்பாலும் வெளிறியிருக்கும். மெழுகு அச்சுத் துணியும் சாயத்தில் முங்குவதுதான் என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்ப முடியாது. முதல் சோதனையையும் சேர்த்தே செய்ய வேண்டும். கட்டிய இடங்களில் துணி சுருங்கி மேலெழும்பி இருப்பதும் நல்ல அடையாளம். ஆனால் துவைத்து இஸ்திரி போட்டால் அந்தச் சுருக்கம் போய்விடும். அது இல்லை என்பதற்காகப் போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது, பேட்ச்வொர்க் உடைகள். இதில் உள்பக்கம்தான் உண்மை பேசும். துண்டுகளை உண்மையிலேயே இணைத்திருந்தால் உள்ளே தையல் ஓரங்கள் தெரியும். அல்லது அவற்றை மறைக்க லைனிங் துணி கொடுத்திருப்பார்கள். ஒரே துணியில் பேட்ச்வொர்க் போல டிசைன் அச்சிட்டிருந்தால் உள்ளே ஒன்றும் இராது. இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய துணித் துண்டுகளால் தைத்தது என்கிறார்கள். ஆனால் எல்லா சைஸும், எத்தனை வேண்டுமானாலும், படத்தில் உள்ளபடியே கிடைக்கும் என்றும் போட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா? துண்டுத்துணி வேலையில் உங்களுக்கு வரப்போகும் அதே உடையின் படத்தைத்தான் காட்டச் சொல்ல வேண்டும்.

நான்காவது, படம் யாருடையது என்று பாருங்கள். குரோம் பிரவுசரில் படத்தின் மேல் ரைட் கிளிக் செய்தால் கூகுள் லென்ஸ் மூலம் தேடும் வசதி வரும். அதே படம் பத்துக் கடைகளில் பத்து விலையில் இருந்தால், அந்தத் துணியைச் செய்தவர் இவராக இருக்க வாய்ப்புக் குறைவு. இப்போது ஏஐ வரைந்த படங்களும் வருகின்றன. தையல் கோடு பாதியில் காணாமல் போவது, ஒரு துண்டின் டிசைன் அடுத்த துண்டுக்குள் கரைந்து போவது ஆகியவை அதன் அறிகுறிகள்.

ஐந்தாவது, நிறம். விண்டோஸில் 'நைட் லைட்' போட்டிருந்தால் திரை மஞ்சளாகத் தெரியும். துணி பார்ப்பதற்கு முன் அதை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃபில்டர் போடாமல் எடுத்த படம் ஒன்றையும் விற்பவரிடம் கேளுங்கள்.

இவற்றையெல்லாம் கேட்டால் விற்பவர் கோபித்துக்கொள்ள மாட்டாரா? கையால் செய்பவர் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு காட்டுவார். அவருடைய வேலையே அதில்தானே இருக்கிறது. பதிலே சொல்லாதவரிடம் வாங்காமல் இருந்துவிடலாம்.

முத்திரைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கைத்தறி முத்திரை என்பது துணி கைத்தறியில் நெய்யப்பட்டது என்பதற்கு மட்டும்தான். சாயம் எப்படி ஏற்றினார்கள் என்று அது சொல்லாது. கைத்தறித் துணியில் ஸ்கிரீன் பிரின்டும் போடலாம்.

மாறி வந்தால் என்ன செய்வது?

எங்கள் அலுவலகத்தில் ஒருவர், 'கையால் முடிச்சுப் போட்டது' என்று படித்துவிட்டு ஒரு தளத்தில் சுங்குடிப் புடவை வாங்கினார். வந்தது ஸ்கிரீன் பிரின்ட். திருப்பித் தர முயன்றபோது, 'நிற வேறுபாட்டுக்கு ரிட்டர்ன் கிடையாது' என்று பதில் வந்தது. அவர் சொன்னது நிறத்தைப் பற்றியே அல்ல! வாங்கும்போது அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். அதை அனுப்பிய பிறகுதான் பணம் திரும்பியது.

நீங்களும் அதைச் செய்யுங்கள். விண்டோஸ் கீ, ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திரையைப் படமெடுக்கலாம். 2020-ல் வந்த மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெற ஷாப்பிங் தளத்தில் விற்பவர் மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

தளம் எதுவும் இல்லாமல் வாட்ஸ்அப்பிலோ இன்ஸ்டாகிராமிலோ விற்பவரிடம் நேரடியாக வாங்குகிறீர்களா? முதல் முறை ஒரு துப்பட்டாவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். 'பணத்தைத் திருப்பி அனுப்புகிறேன், யுபிஐ பின் போடுங்கள்' என்று யாராவது சொன்னால் அது மோசடி. பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் தேவையே இல்லை. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் செய்யுங்கள்.

நமக்கும் ஒரு பொறுப்பு உண்டு

கையால் செய்தது வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு, 'ஒரு புள்ளி பெரிதாக இருக்கிறது', 'ஓரத்தில் நிறம் கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று திருப்பி அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். கேஷ் ஆன் டெலிவரியில் ஆர்டர் கொடுத்துவிட்டு, பார்சல் வாசலுக்கு வந்ததும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. பெரிய கம்பெனி இந்த நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும். வீட்டில் உட்கார்ந்து முடிச்சுப் போடும் குடும்பத்துக்குப் போக வர கூரியர் செலவு என்பது ஒரு நாள் கூலியாக இருக்கலாம். இப்படி நாலு முறை நடந்தால் அவரும் அச்சுக்கே போய்விடுவார். அதன் பிறகு நாம் எந்தத் தளத்தில் எவ்வளவு தேடினாலும் முடிச்சுத் துணி கிடைக்காது.

ஓட்டை, கிழிசல், சொன்னதற்கு மாறான துணி இவை குறைகள். தாராளமாகத் திருப்பி அனுப்புங்கள். சின்னக் கோணல் குறையல்ல. ஒரு மனிதரின் விரல் பட்ட அடையாளம் அது. அதற்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம். முதல் இரண்டு மூன்று முறை உப்புத் தண்ணீரில் தனியாக அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயம் கொஞ்சம் போகும், பயப்பட வேண்டாம்.

அடுத்த முறை 'ஹேண்ட்மேட்' என்ற சொல்லைத் திரையில் பார்த்தால் உடனே 'பை நவ்' பட்டனைத் தட்டிவிடாதீர்கள். 'பின்பக்கப் படம் ஒன்று அனுப்ப முடியுமா?' என்று விற்பவருக்கு ஒரு வரி டைப் செய்து அனுப்புங்கள். பதில் வந்த பிறகு வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.