செடிக்குத் தண்ணீர்... கொசுவுக்கும் சேர்த்தா?

பெரியாழ்வார் நந்தவனம் வைத்த ஊர் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர். ஆனால் இன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு துளசி வைக்கக்கூட மண் தரை கிடையாது. எல்லாம் சிமென்ட்! மிச்சம் இருப்பது மொட்டை மாடிதான். சித்திரை வெயிலில் அங்கே காலையில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலத்துக்குள் காணாமல் போய்விடும். வெளியூர்க் கல்யாணம் என்று நாலு நாள் தங்கினால் கத்தரிச் செடி கருவாடுதான்.

இதற்கு ராஜபாளையத்தில் இருக்கிற என் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். தானே தண்ணீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி! பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. அடியில் நாலைந்து விரற்கடை உயரத்துக்குத் தண்ணீர். அதற்கு மேல் துளை போட்ட தட்டு. தட்டின் மேல் தென்னை நார்க்கழிவும் தொழு உரமும் கலந்த மண். தட்டின் நடுவிலிருந்து ஒரு துணித் திரி தண்ணீருக்குள் தொங்கும். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுகிற மாதிரி, தண்ணீர் மண்ணுக்கு ஏறும். ஓரத்தில் தண்ணீர் ஊற்ற ஒரு பி.வி.சி. குழாய். தட்டுக்குச் சற்றுக் கீழே, வாளியின் பக்கத்தில் ஒரு வடிதுளை. அது இல்லாவிட்டால் மழை நாளில் வேர் அழுகிப்போகும்.

"திரிக்கு என்னக்கா பண்ணின?" என்றேன்.

"நம்ம பக்கத்துல துணிக்கா பஞ்சம்?" என்று சிரித்தாள். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியை முறுக்கித் தொங்கவிட்டிருக்கிறாள். பருத்தி மக்கிவிடும் என்பதால், மண் மாற்றும்போது திரியையும் மாற்றுகிறாள்.

இதே தத்துவத்தில் 1990-களில் அமெரிக்காவில் ஒரு தக்காளி விவசாயி உருவாக்கிய 'எர்த்பாக்ஸ்' உலகமெங்கும் போனது. அதற்கெல்லாம் ரொம்ப முன்பே, சுடுமண் பானையைச் செடிக்குப் பக்கத்தில் புதைத்துத் தண்ணீர் ஊற்றும் முறையைச் சீனாவின் பழைய விவசாய நூல் சொல்லியிருக்கிறது. ஆகவே விலை கொடுத்து 'ரெடிமேட்' வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. பூச்சிமருந்து, ரசாயனம் இருந்த டப்பாவை மட்டும் தொடாதீர்கள்.

சும்மா சொல்லக் கூடாது, மதுரைக் கல்யாணம் முடிந்து அக்கா திரும்பியபோது தக்காளிச் செடி தலை நிமிர்ந்து நின்றது. ஆனால் அடுத்த வாரம் டெங்கு தடுப்புக்கு வந்த பணியாளர் மாடி ஏறி, குழாய்க்குள் டார்ச் அடித்தார். உள்ளே கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன!

"செடிக்குத் தண்ணி வச்சிருக்கீங்க சரி, கொசுவுக்கும் சேர்த்து வச்சிட்டீங்களேம்மா!"

அன்றைக்குப் பார்த்துப் பேரனுக்குக் காய்ச்சல். ரத்தப் பரிசோதனையில் டெங்கு இல்லை என்று வரும்வரை அக்கா சோறு தண்ணீர் இறக்கவில்லை.

எனக்குக் கோபமெல்லாம் இந்தத் தொட்டியைப் பற்றி ஆஹா ஓஹோ என்று பேசுகிறவர்கள் மேல்தான். கொசுவைப் பற்றி வாயே திறப்பதில்லை. டெங்கு, சிக்குன்குனியா இரண்டையும் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஏழெட்டு நாளில், அதிகம் போனால் பத்து நாளில், முட்டை கொசுவாகிப் பறந்துவிடும். முட்டை காய்ந்த சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். 2012-ல் திருநெல்வேலிப் பக்கம் டெங்கு பட்ட பாடு நமக்கு மறந்திருக்காது.

அதற்காகத் தொட்டியே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு நாளைக்குக் காய், பழம் சேர்த்து 400 கிராமாவது சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு தொட்டி அந்தக் கணக்கைத் தீர்க்காது; காசு மிச்சம் என்பதையும் நான் நம்புவதில்லை. ஆனால் கீரை என்றால் ஓடுகிற அந்தப் பேரன், தான் விதைத்த அரைக்கீரையைத் தட்டில் கேட்டு வாங்கித் தின்கிறான்!

குழாய் வாயையும் வடிதுளையையும் நைலான் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். பயிர் முடிந்ததும் வாளியை உள்ளே தேய்த்துக் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் மண்ணின் மேல் வெள்ளை பூக்கும். மாதம் ஒரு முறை மேலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றி வடிய விடுங்கள்.

அக்கா இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை தலைக்கு எண்ணெய் வைப்பதற்கு முன்னால் மாடிக்குப் போய், வலை எங்கேயாவது கிழிந்திருக்கிறதா என்று ஒவ்வொரு வாளியாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறாள்.