நழுவும் கியரும் நழுவாத நேர்மையும்



பாடலாத்ரி நரசிம்மர் குகைக்கோயிலால் பெயர்பெற்ற சிங்கப்பெருமாள் கோயில், இன்று கார்களாலும் அறியப்படும் ஊராகிவிட்டது. அதன் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் 2007-ஆம் ஆண்டு முதல் பி.எம்.டபிள்யூ ஆலை இயங்கி வருகிறது. அங்கு உருவாகும் கார்களில் மிகப்பெரும்பாலானவை தாமே கியர் மாற்றிக்கொள்பவை. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபைல் காரில் வந்த இவ்வசதி, நம் நாட்டில் நெடுங்காலம் செல்வந்தர்க்கே உரியதாயிருந்தது. 2014-இல் மாருதி செலெரியோ வந்தபின், நடுத்தரக் குடும்பங்களின் வாசலிலும் கிளட்ச் மிதியில்லாத கார் நிற்கலாயிற்று.

வசதி வந்தவிடத்துப் பழுதும் வருவது இயல்பு. ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம், எஞ்சின் உறுமுகிறது, வேகமோ கூடவில்லை. பட்டறையில் இதனைக் 'கியர் ஸ்லிப் ஆகிறது' என்பர். "கியர்பாக்ஸை இறக்க வேண்டும்" என்னும் ஒரு சொல்லில், மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கென ஒதுக்கிய பணம் கரைந்துபோகலாம். வாடகைக் கார் ஓட்டுபவர்க்கோ பிழைப்பே அசைந்துபோகும். ஆதலின், இப்பழுதைக் கண்டறியும் முறையைக் குடும்பத்தார் ஓரளவேனும் அறிந்திருத்தல் நன்று.

சாதாரணக் காரில் நம் கால் செய்யும் வேலையை, டார்க் கன்வர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக் காரில் ஆயில் செய்கிறது. எஞ்சின் சுழலும்போது ஒரு பம்பு ஆயிலை அழுத்துகிறது. அவ்வழுத்தம் கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கச் செய்கிறது. அழுத்தம் தளர்ந்தாலும், தட்டுகள் தேய்ந்தாலும் பிடி நழுவும்.

முதலாவது, அது உண்மையிலேயே நழுவல்தானா எனக் காணவேண்டும். எஞ்சின் சுற்றைக் காட்டும் முள் திடீரென ஏறி, வேகமுள் ஏறாதிருப்பின் அது நழுவலாகலாம். இரு முட்களும் சேர்ந்தே தடுமாறினால், ஸ்பார்க் பிளக் முதலிய எஞ்சின் கோளாறுகளை முதலில் ஆராய்தல் வேண்டும்.

இரண்டாவது, ஆயில். இது எஞ்சின் ஆயிலைப்போல் எரிந்து குறைவதில்லை. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவை அடைக்காமல் ஊற்றுவது ஓட்டைக் குடத்தில் நீர் நிரப்புவதற்கு ஒப்பாகும். அளவுகோல் இல்லாத புதிய கார்களில், குறித்த வெப்பநிலையில் அடைப்பானைத் திறந்தே அளவு பார்ப்பர். ஆயில் கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால் தட்டுகள் கருகியுள்ளன எனலாம். பால்போல் கலங்கியிருந்தால், வெள்ளநீரோ ரேடியேட்டர் நீரோ உட்புகுந்துள்ளது. அக்காருக்கு உரியதல்லாத ஆயிலை ஊற்றியிருந்தாலும் நழுவல் நேரும்.

மூன்றாவது, எப்போது நழுவுகிறது? எல்லாக் கியரிலும் நழுவினால் ஆயில், வடிகட்டி, பம்பு ஆகிய பொதுவானவற்றை ஐயுறலாம். ஒரே கியரில் மட்டும் நழுவினால், அதற்குரிய தட்டுகளையோ சொலினாய்டு வால்வையோ ஐயுறலாம். அச்சிறுபாக்கம் மழை மலை மாதா திருத்தலத்துக்குக் குடும்பத்தோடு செல்கையில், வண்டி சூடேறிய பின்னரே நழுவுகிறதெனில், அதனையும் மெக்கானிக்கிடம் சொல்லவேண்டும். சூட்டில் ஆயில் இளகும். முதிர்ந்த ரப்பர் சீல்கள் அழுத்தத்தைக் காக்க இயலாமற்போகும்.

நான்காவது, ஸ்கேனர். கியர்பெட்டிக்குள் வரும் சுற்றையும், வெளியேறும் சுற்றையும் சென்சார்கள் அளக்கின்றன. இரண்டுக்குமுள்ள விகிதம் அந்தக் கியருக்குரிய விகிதத்தோடு பொருந்தாவிடில், காரின் கணினி அதனைப் பழுதுக் குறியீடாகப் பதிந்து வைக்கும். ஆனால் குறியீடு சான்று மட்டுமே, தீர்ப்பன்று. சென்சாரே பழுதாகியிருக்கவும் கூடும். இவற்றோடு ஆயில் அழுத்தத்தையும் அளந்து பார்த்த பின்னரே பெட்டியை இறக்குவது முறை.

செலெரியோ போன்ற ஏ.எம்.டி. கார்களில் இருப்பது சாதாரணக் கிளட்சே. காலுக்குப் பதிலாகக் கருவி அதனை இயக்குகிறது. அங்கே நழுவலுக்குப் பெரும்பாலும் கிளட்ச் தட்டின் தேய்மானமே காரணம். மேடான இடத்தில் பிரேக்கை மிதியாமல் ஆக்ஸிலரேட்டராலேயே காரைத் தாங்கி நிறுத்தும் பழக்கம், அத்தட்டை விரைவில் தேய்த்துவிடும்.

இனி, மனச்சான்றைத் தொடும் ஒன்றைக் கூறவேண்டும். சோதியாமலே பெட்டியை மாற்றச் சொல்பவர், பிறர் அறியாமையிலிருந்து பொருள் பறிக்கிறார். அது ஏழாம் கட்டளைக்கு மாறானது. ஆயினும், பழி முழுவதும் பட்டறைக்கே உரியதன்று. இரண்டு மணி நேரம் சோதித்து, "வயர் இணைப்பு ஒன்றே தளர்ந்திருந்தது" என்று கூறும் மெக்கானிக்குக் கூலி கொடுக்க நாம் எத்துணை தயங்குகிறோம்! "ஒன்றையும் மாற்றவில்லையே, எதற்குப் பணம்?" என்கிறோம். பொருளுக்கு விலையுண்டு, அறிவுக்கு விலையில்லை என்று நாமே கற்பித்துவிட்டு, தேவையற்ற பொருளை நம் தலையில் கட்டுகிறார் எனக் குறைகூறுதல் முறையாகுமோ? உழைப்பாளிக்கு நீதியான கூலி உரியதென்று திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இல் தம் சுற்றுமடலில் வலியுறுத்தினார். பழுதைக் கண்டறிதலும் உழைப்பே.

ஆகவே, பட்டறைக்குச் செல்லும்போது நடந்ததை மறையாது கூறுவோம். சோதனைக் கூலியை முதலிலேயே பேசிக்கொள்வோம். கண்ட முடிவுகளை எழுதித் தரக் கேட்போம். நம் பங்கில் மெக்கானிக் தொழில் பயிலும் இளைஞர்களே, தச்சுப்பட்டறையில் வியர்வை சிந்திய புனித சூசையப்பர் உங்கள் பாதுகாவலர். வாடிக்கையாளர் அறியாத இடத்திலும் நேர்மையாயிருங்கள். பிடி நழுவாத கைகளையே இறைவன் ஆசீர்வதிக்கிறார்.