கேஸ் தீர்ந்து போச்சு சார்

கொஞ்சம் நீளமான இழை. ஏசி ரிப்பேர் பத்தி எழுத மெக்கானிக் இருக்காங்க, டாக்டருக்கு என்ன வேலைன்னு கேப்பீங்க. வேலை இருக்கு.

போன வருஷம் கத்திரி நேரம். சென்னையில் நான் வேலை பார்க்கும் மருத்துவமனைக்கு விடியற்காலை 71 வயசு மனிதர் ஒருவரை ஆட்டோவில் கூட்டிட்டு வந்தாங்க. (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) ரெண்டு நாளா சோர்வு, முந்தின ராத்திரியில இருந்து பேச்சு குழறல். மனைவியைப் பார்த்தே "நீங்க யாரு"ன்னு கேட்டிருக்கார். பக்கவாதம்னு பயந்துட்டாங்க. ஸ்கேன்ல ஒண்ணும் இல்லை. ரத்தத்தில் சோடியம் 117. 135க்குக் குறையக் கூடாது. கிரியாட்டினின் 2.1.

மருந்துச் சீட்டைப் பார்த்தேன். பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைடு கலந்த மாத்திரை. இது உப்பையும் தண்ணியையும் சிறுநீர் வழியா வெளியேத்தும். அடிக்கடி பாத்ரூம் போறார்னு சோலிஃபெனாசின். இது வியர்வையைக் குறைக்கும். ரெண்டும் தப்பான மருந்து இல்லை, மூணு வருஷமா சாப்பிடுறார். அப்போ இந்த வாரம் மட்டும் என்ன புதுசு?

அந்த அம்மா சொன்னாங்க: "ஏசி ஓடலைங்க டாக்டர். ஒன்பது நாளாச்சு. இவரு சரி பண்ண வேணாம்னுட்டாரு."

வீடு மொட்டை மாடிக்கு நேர் கீழே. பகல் பூரா காஞ்ச கான்கிரீட் ராத்திரி பன்னெண்டு மணி வரைக்கும் சூட்டைக் கீழே இறக்கிக்கிட்டே இருக்கும். ஃபேன் இருந்தது. ஆனா ஃபேன் காத்தைக் குளிராக்குறதில்லை. நம்ம வியர்வையை ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர வைக்குது. வியர்வையே குறைஞ்ச மனுஷனுக்கு ஃபேன் என்ன செய்யும்? தாகத்துக்குச் சொம்பு சொம்பா வெறும் தண்ணி குடிச்சிருக்கார். உப்பு போய்க்கிட்டே இருக்கு, உள்ள வர்றது வெறும் தண்ணி. சோடியம் இறங்கிடுச்சு.

இதைக் கஞ்சத்தனம்னு நானும் முதல்ல நினைச்சேன். தெளிஞ்சப்புறம் அவரே சொன்னார். ரெண்டு வருஷத்துல ரெண்டு தடவை "கேஸ் தீர்ந்து போச்சு சார்"னு சொல்லி, ஒரு தடவை 2,800, இன்னொரு தடவை 3,200 ரூபாய் வாங்கிட்டுப் போயிருக்காங்க. மூணாவது தடவையும் அதே வசனம், இப்போ 3,500. "இனிமே ஏமாற மாட்டேன்னு அனுப்பிட்டேன் டாக்டர்."

எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். பணம் இல்லாததால அவர் ரிப்பேரைத் தள்ளிப் போடலை. பென்ஷன் வருது. நம்பிக்கை போனதால தள்ளிப் போட்டார். ஐசியூவில் ரெண்டு நாள், வார்டில் மூணு நாள். பில் 60 ஆயிரத்தைத் தாண்டுச்சு.

இப்போ அந்த "கேஸ் தீர்ந்து போச்சு"க்கு வருவோம். ஏசியில் இருக்கிற கேஸ் சமையல் கேஸ் மாதிரி எரிஞ்சு தீர்ற பொருள் இல்லை. மூடின காப்பர் குழாய்க்குள்ள சுத்திச் சுத்தி வர்றது. உடம்புக்குள்ள ரத்தம் மாதிரி. குறைஞ்சிருக்குன்னா எங்கேயோ கசியுதுன்னு அர்த்தம். ஹீமோகுளோபின் 6 இருக்கிற ஒருத்தருக்கு ரெண்டு யூனிட் ரத்தம் ஏத்தி, எங்கே கசியுதுன்னு பார்க்காம வீட்டுக்கு அனுப்பி, ஆறு மாசம் கழிச்சு மறுபடி ரத்தம் ஏத்தி பில் போட்டா என்னைச் சும்மா விடுவீங்களா?

நானும் ஏமாந்திருக்கேன், மறைக்க என்ன இருக்கு. எங்க வீட்டு ஏசிக்கு ஆப்ல புக் பண்ணி வந்த தம்பி, மீட்டரை மாட்டி, "பிரஷர் கம்மி"ன்னு அஞ்சு நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டார். ஃபில்டர்ல அழுக்கு அடைச்சு காத்து சரியாப் போகலைன்னாலும் அந்த மீட்டர் கம்மியாத்தான் காட்டும்னு எனக்கு அப்போ தெரியாது. 3,000 கொடுத்தேன். நாலு மாசத்துல மறுபடி சூடான காத்து. அப்புறம் தெருமுனைக் கடை அண்ணன் ஒருத்தர் வந்தார். சோப்புத் தண்ணியும் பிரஷ்ஷும் எடுத்து ஒவ்வொரு இணைப்பாத் தடவினார். அவுட்டோர் யூனிட் நட்டுக்கிட்ட நுரை கொப்பளிச்சது. குழாய் முனையை வெட்டி, புதுசா விரிச்சு மாட்டி, வேக்கம் போட்டு, கேஸை எடை போட்டு ஏத்தினார். கேஸ் காசு தனி, கசிவை அடைச்சதுக்கு 600 ரூபாய். ரெண்டு கோடை தாண்டியாச்சு, ஓடிக்கிட்டிருக்கு.

சென்னையில கசிவு அதிகம் வர்றதுக்குக் காரணமும் இருக்கு. கடலோரம் உப்புக்காத்து. தேங்கின சாக்கடையில் இருந்து வர்ற அழுகின முட்டை வாடை, அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, காப்பரைக் கறுக்க வெச்சு அரிக்கும். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் இருக்கிறவங்க இதை மனசுல வெச்சுக்கோங்க. காயில்லயே ஓட்டைன்னா செலவு பெருசு. பழைய மெஷினா இருந்தா மாத்துறதே மேல்.

"கம்ப்ரசருக்கு 10 வருஷ வாரண்டி"ன்னு டப்பா மேல பெரிய எழுத்துல இருக்கும். பொடி எழுத்தைப் படிங்க. பல கம்பெனிகள்ல கேஸ், கூலி, காயில் எல்லாம் ஒரு வருஷத்தோட சரி. அடிக்கடி பழுதாகிறதும் இந்தப் பக்கம்தான்.

"டாக்டருங்க மட்டும் யோக்கியமா, நீங்க டார்கெட் போட்டு ஸ்கேன் எழுதலையா"ன்னு கமெண்ட் வரும். நியாயமான கேள்வி. என்கிட்ட சுகருக்கு வர்ற மெக்கானிக் ஒருத்தர் சொன்னது: சம்பளம் குறைச்சல், கேஸ் ஏத்தினாத்தான் இன்சென்டிவ், கசிவு தேடுற ஒரு மணி நேரத்துக்கு யாரும் காசு தர்றதில்லை. அந்த ஒரு மணி நேரத்துல இன்னும் ரெண்டு வீடு பார்க்கணும். நாலாவது மாடி சன்ஷேடுல பெல்ட் கூட இல்லாம நின்னு வேலை பார்க்கிறவர் மேல மட்டும் கோபப்பட எனக்கு மனசு வரலை. கசிவு தேடுறதுக்குக் கூலி கேட்டா பேரம் பேசாம கொடுங்க. எங்க தொழில்ல கன்சல்டேஷன் ஃபீஸ்னு சொல்றது அதைத்தான்.

அடுத்த தடவை "கேஸ் இல்லை"ன்னு சொன்னா, "எங்கே கசியுது, காட்டுங்க"ன்னு கேளுங்க. அவுட்டோர் யூனிட் ஸ்டிக்கர்ல எத்தனை கிலோ கேஸ்னு போட்டிருக்கும், அந்த எடைக்கு ஏத்தச் சொல்லுங்க. கசிவு இருந்த இடத்தைப் பில்லுல எழுதி வாங்குங்க. அதுக்கு முன்னாடி ஃபில்டரைக் கழட்டி நீங்களே கழுவிப் பாருங்க, காசு மிச்சமாகலாம். பில் இருந்தும் தகராறுன்னா நுகர்வோர் உதவி எண் 1915.

2024ல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவிச்சது. உயிரிழந்தா குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல விஷயம். அதே அரசு, கேஸ் ஏத்தினா கசிவு எங்கேன்னு பில்லுல எழுதணும், ஒரு கோடைக்காவது உத்தரவாதம் தரணும்னு விதி கொண்டு வரணும்னு நான் கேக்குறேன். ஏசி ஆடம்பரம்னு இன்னும் பேசுறவங்க மே மாசம் ஒரு ராத்திரி முதியோர் வார்டுக்கு வந்து பாருங்க. ஏசியே இல்லாத வீடுகள் இதைவிடப் பெரிய கதை, அதுக்குத் தனி இழை போடுறேன்.

ஏசி சரியாகிற வரைக்கும் வீட்டுப் பெரியவங்களை மாடியில படுக்க வைக்காதீங்க. ஈரத்துணியால உடம்பைத் துடைச்சுவிட்டு ஃபேன் போடுங்க, வியர்வை செய்ற வேலையை அந்த ஈரம் செய்யும். பிரஷர் மாத்திரையை நீங்களா நிறுத்தாதீங்க, எழுதின டாக்டர்கிட்ட கோடைக்கு அளவு மாத்தணுமான்னு கேளுங்க. இதய, கிட்னி நோயாளிகள் எவ்வளவு தண்ணி, உப்புன்னும் அவர்கிட்டயே கேளுங்க. பேச்சு குழறினா, ஆள் அடையாளம் தெரியலைன்னா, சிறுநீர் ரொம்பக் குறைஞ்சா விடியட்டும்னு காத்திருக்காதீங்க. 108.

அவர் டிஸ்சார்ஜ் ஆகிறப்போ மாத்திரையை மாத்தி எழுதினேன். தெருமுனை அண்ணன் நம்பரையும் கொடுத்தேன். பத்து நாள் கழிச்சு வாட்ஸ்அப்ல ஒரு பில் போட்டோ வந்தது. கார்பன் காப்பி, கோணல் எழுத்து: "இன்டோர் காயில் இடது வளைவு லீக். வெல்டிங். கேஸ் 750 கிராம். மொத்தம் 4,100." கீழே அவர் டைப் பண்ணியிருந்தார்: "காட்டினான் சார். நானே நுரையைப் பார்த்தேன்."