சுவருக்கு முன் ஒரு நோட்டு

அம்பேத்கர் பிறந்தநாளுக்குச் சுவர் ஓவியம் வரையப் போகிறார்கள் கரையாம்புத்தூர் காலனித் தம்பிகள். "என்ன கலர் அடிக்கலாம் அக்கா?" என்று கேட்டார்கள். முதலில் ஒரு நோட்டு வாங்குங்கள் என்றேன்.

கண்ணகி நகரைப் பாருங்கள். சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து அகற்றப்பட்ட மக்களை 2000 முதல் துரைப்பாக்கம் பக்கம் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். 2020இல் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை அங்குள்ள குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்களை வரைய வைத்தது. நல்ல வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முகவரியைச் சொன்னாலே வேலை கிடைப்பதில்லை என்று அங்குள்ள இளைஞர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். வண்ணம் அந்த அவப்பெயரைக் கொஞ்சம் குறைக்கலாம். 'எங்களை ஏன் அகற்றினீர்கள்?' என்ற கேள்வியைச் சுவரில் கொண்டுவர, வரைபவர் முன்கூட்டியே அம்மக்களிடம் கேட்டுக் குறிப்பெடுத்திருக்க வேண்டும்.

தோழர்களே, 1927இல் மகாடு குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார் அம்பேத்கர். நம் ஊரில் எந்தத் தண்ணீருக்காக நம் பாட்டிகள் காத்து நின்றார்கள்? போய்க் கேளுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். வரைபடத்தைச் சுவருக்குப் போகுமுன் அவர்களிடம் காட்டுங்கள். திருத்தம் சொன்னால் திருத்துங்கள். கலரைப் பிறகு பேசலாம்.